கொள்வனவுப் பகுதிக்கு ஒரு ஆள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி கோயிலுக்குப் போனால், பிள்ளை டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று கேட்பாள். படிப்பு அவ்வளவு ஓடாத பிள்ளை என்றால், ஒரு கிளாக்கர் உத்தியோகமாவது கிடைக்கட்டும் என்று மெழுகுதிரி கொளுத்துவாள். என் பிள்ளை நல்ல சாமானாகப் பார்த்து வாங்கத் தெரிந்தவளாக வரவேண்டும் என்று எந்தத் தாயும் எந்த அந்தோனியாரிடமும் கேட்டதில்லை. குருநகர் மார்கிரட்டும் கேட்கவில்லை. ஆனாலும் அவளுடைய மகள் ஸ்ரெல்லா அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

இருபத்திரண்டு வயதில் கரையோரக் கூட்டுறவுச் சமாசத்துக்குத் தட்டெழுத வந்தவள், பத்து வருடத்தில் கொள்வனவுப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். பொறுப்பாளர் என்றதும் பெரிய பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு அலுமாரி, கால் ஆடுகிற இரண்டு கதிரை, ஸ்ரெல்லா. பகுதி அவ்வளவுதான். பதினான்கு கடற்கரைச் சங்கங்களுக்கு வேண்டிய நூல், கயிறு, வாளி, உப்பு, தார் எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுப்பட்டு, இன்னின்ன சாமான் குடாநாட்டுக்குள் போகக்கூடாது என்று பட்டியலும் போட்ட பிறகு, வாங்குவதென்பது விளையாட்டு வேலையாக இருக்கவில்லை. கையில் காசு இருந்தாலும் சாமான் இல்லை. சாமான் இருந்தாலும் அது யாரிடம் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. ஆனாலும் கந்தோரில் மற்றவர்களுக்கு அது பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிற வேலைதான். "ஸ்ரெல்லா, உங்காலை போகேக்கை எனக்கும் ஒரு றாத்தல் வெங்காயம்" என்று பக்கத்து அறையில் இருந்து குரல் வரும். வாங்குவதும் ஒரு தொழில்தான், அதற்கும் கண்ணும் கையும் மூளையும் வேண்டும், அதிலும் ஒருவர் படிப்படியாக மேலே வரலாம் என்று இந்தச் சனத்துக்கு ஒருநாள் காட்டாமல் விடுவதில்லை என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, தொண்ணூற்றிரண்டு தை மாதத்தில், ஒரு கொள்வனவு உதவியாளரை எடுக்கச் சமாசத்தின் பணிப்பாளர் சபை சம்மதித்தது. இருபத்துமூன்று விண்ணப்பம் வந்தது. உத்தியோகம் என்றால் நம்முடைய ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும். நேர்முகப் பரீட்சை அன்று ஸ்ரெல்லா மேசையில் ஒரு தகர வாளியை வைத்தாள். "இதை எங்கடை சங்கங்களுக்கு வாங்கலாமோ?" என்று எல்லாரிடமும் ஒரே கேள்விதான். ஒருவர் வாளியின் விலையைக் கேட்டார். இன்னொருவர் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். சீவரத்தினம் என்ற வர்த்தகப் பட்டதாரி, கொள்வனவின் ஏழு தத்துவங்களையும் இங்கிலீசில் ஒப்புவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். இருபத்துமூன்று பேரில் ஒருவர்கூட வாளியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அடியில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.

சபைத் தலைவர் தம்பிஐயா ஓய்வுபெற்ற அதிபர். சமாசத்தின் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். ஆனால் கடதாசியில் எழுதியிருப்பதை நம்புகிற அளவுக்குக் கண்ணால் காண்பதை நம்பமாட்டார். அவருக்குச் சீவரத்தினத்தைப் பிடித்துவிட்டது. ஸ்ரெல்லா ஒரு கிழமை தவணை கேட்டாள்.

அந்தக் கிழமையில்தான் ஒரு விடியற்காலை அவள் வீட்டுக்கு மீன் வாங்கக் கரைக்குப் போனாள். கடலில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று ஆயிரம் தடை. வந்த வள்ளங்கள் குறைவு. மீனைக் கும்பம் கும்பமாகக் குவித்து ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். பெரிய பாரைக் கும்பம் ஒன்றுக்கு எல்லாரும் அடிபட்டு விலையை ஏற்றினார்கள். செபஸ்தியம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. நாற்பத்தாறு வயது, எட்டாம் வகுப்பு, கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். கரையில் மீன் எடுத்து, கடகத்தில் சுமந்து வீடு வீடாக விற்கிறவள். அவள் அந்தப் பாரைக் கும்பத்தின் கீழே கையை விட்டு ஒரு மீனை இழுத்துச் செவுளை அமத்தினாள், முகர்ந்து பார்த்தாள், பழையபடி செருகிவிட்டாள். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்காத சின்ன ஓரா மீன் கும்பம் ஒன்றைப் பேசாமல் எடுத்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா அந்தப் பாரையை விட்டனீங்கள்?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"மேலை கிடக்கிற நாலும் வேறை வள்ளத்திலை எடுத்த இண்டையான் பிள்ளை. கீழை கிடக்கிறதெல்லாம் நேற்றையான். அந்த வள்ளம் விடியப்புறம் கடலுக்குப் போகவேயில்லை. நங்கூரக் கயிறு காய்ஞ்சு கிடக்குது, பாருங்கோவன்."

ஸ்ரெல்லா பார்த்தாள். கயிறு காய்ந்துதான் கிடந்தது. இத்தனை வருடம் கயிறு வாங்குகிறவள், வள்ளத்தில் கிடக்கிற கயிற்றை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு நாளும், வீட்டில் மீன் மிஞ்சி மார்கிரட் ஏசுகிற அளவுக்கு, கரைக்குப் போய் அந்த மனுசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்.

"அக்கா, எங்கடை கந்தோருக்கு வேலைக்கு வாறியளோ?"

"என்ன பிள்ளை, கூட்டவோ?"

"இல்லை அக்கா. சாமான் வாங்க."

செபஸ்தியம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "சாமான் வாங்கிறதுக்குச் சம்பளமோ? உங்களுக்கு விசர் கிசர் இல்லையே?" என்றாள். ஆனால் அன்று மத்தியானமே, துவைத்த சேலையோடு மார்கிரட் வீட்டுப் படலையில் வந்து நின்றாள்.

தம்பிஐயாவுக்கு இதை விளங்கப்படுத்துவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஸ்ரெல்லாவைப் பார்த்தார்.

"எட்டாம் வகுப்பு. பட்டதாரியை விட்டிட்டு எட்டாம் வகுப்பு. பிள்ளை, நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ?"

"மூண்டு மாதம் தகுதிகாண் காலம் தாங்கோ மாஸ்ரர். பிழைச்சுப்போனால் நான் பொறுப்பு."

"பொறுப்பு எண்டால் என்ன பொறுப்பு? சித்திரை முடிவிலை சபை கூடும். அதுக்குள்ளை பிழைச்சால் உம்மடை பகுதியை மூடிக் களஞ்சியத்தோடை சேர்ப்பம். நீர் களஞ்சியப் பொறுப்பாளருக்குக் கீழை இருந்து பழையபடி தட்டெழுதலாம். சம்மதமோ?"

பத்து வருடத்து உழைப்பு ஒரு சொல்லில் தொங்கியது. ஸ்ரெல்லா "ஓம் மாஸ்ரர்" என்றாள்.

செபஸ்தியம்மா மாசி மாதம் முதலாம் திகதி வந்து இருந்தாள். கால் ஆடுகிற கதிரையில் இரண்டாவது அவளுக்கு. எந்தச் சாமான் என்றாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுத வேண்டும் என்பது சமாசத்தின் விதி. ஸ்ரெல்லா அதை விளங்கப்படுத்தி, "நல்ல சாமான் முடிஞ்சுபோகும் அக்கா, விடியவே போய்க் கேளுங்கோ" என்றும் சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு சொல்தான் வினையாகப் போனது.

மறுநாள் ஏழு மணிக்கு முன்னமே செபஸ்தியம்மா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய்விட்டாள். கயிறு, ஆணி, வாளி விற்கிற கந்தப்பு அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்புகிறார். முதல் ஆளாக இவள் நிற்கிறாள். சமாசத்துக்கு என்று சொல்லிக் கயிறு என்ன விலை என்று கேட்டாள். அவர் சொன்னார். கொப்பியில் எழுதினாள். "சரி அண்ணை, வாறன்" என்று வெறுங்கையோடு இறங்கிப் போய்விட்டாள். அடுத்த கடையிலும் அதே. அதற்கடுத்த கடையிலும் அதே.

கரையில் விலை கேட்டுவிட்டுப் போனால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். பத்துக் கும்பம் கேட்டு ஒரு கும்பம் எடுப்பதுதான் அங்கே முறை. ஆனால் கடைக்காரருக்கு, கடை திறந்ததும் கால் வைக்கிற முதல் ஆள் ஒரு சதத்துக்காவது வாங்காமல் போனால் அன்றைய நாள் பாழ். இது கரைக்கு வெளியே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்ரெல்லாவுக்கும் தெரியும். நன்றாகத் தெரிந்த விசயம் என்றபடியால்தான் சொல்ல மறந்துபோனாள்.

அன்று மூன்று கடையிலும் வியாபாரம் சரியில்லை. உண்மையாகவே இல்லையா, அல்லது ஒவ்வொரு மணித்தியாலமும் இவளை நினைத்து நினைத்து வந்த ஆட்களையும் எரிந்து விழுந்து துரத்தினார்களா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பின்னேரம் கந்தப்பு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கந்தோருக்கே வந்துவிட்டார்.

"வாங்க வக்கில்லாட்டி வாசலிலை மிதிக்கப்படாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் கந்தோர் முழுக்க எழும்பி நின்றது. "இனி உங்கடை சமாசத்துக்கு ஒரு முழக் கயிறும் தரமாட்டம். மூண்டு பேரும் சேர்ந்துதான் சொல்லுறம்."

தம்பிஐயா தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர்கள் போன பிறகு ஸ்ரெல்லாவைப் பார்த்து, "மூண்டு மாதம் தேவைப்படாது போலை கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் ஏசியிருந்தால் தேவலை.

"என்ரை பிழை அக்கா. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுறன்" என்றாள் ஸ்ரெல்லா.

செபஸ்தியம்மாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. அவளுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கவலைதான். "பாவம் பிள்ளை, மூண்டு பேரின்ரை ஒருநாள் பிழைப்பை நான் கெடுத்துப்போட்டன். கடிதத்தை அவை என்ன செய்யிறது? விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றாள்.

அடுத்த நாள் விடிய அவள் கந்தப்பு கடைக்கு முன்னால் நின்றாள். அவளைக் கண்டதும் அந்த மனிதர் கழற்றிய பலகையைத் திருப்பி மாட்ட வெளிக்கிட்டார். அவள் படி ஏறவில்லை. வெளியில் நின்றபடியே காசை எட்டிப் பலகையில் வைத்து, "ஒரு பாகம் தும்புக் கயிறு தாங்கோ அண்ணை" என்றாள். விலை கேட்கவில்லை. காலையில் வருகிற முதல் காசைத் தள்ள எந்த வியாபாரிக்கும் மனம் வராது. கந்தப்பு உறுமிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் அளந்து வெட்டினார். அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்த நாள் இரண்டாவது கடை. மூன்றாம் நாள் மூன்றாவது கடை. எல்லாம் சொந்தக் காசு.

அவள் கயிறு வாங்கின அன்று, கந்தப்பு கடையில் வருடக்கணக்காகக் கிடந்து துருப்பிடித்த வாளிகள் முழுவதையும் ஒரு அகதி முகாம்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். தற்செயல் என்று நீங்களும் நானும் சொல்லலாம். கந்தப்பு தற்செயலை நம்புகிற மனிதர் இல்லை. இரண்டு கிழமைக்குள், செபஸ்தியம்மாவின் கைராசிக்கு ஈடில்லை என்று சந்தை முழுக்கக் கதை. விடிய என்னுடைய கடைக்குத்தான் வரவேண்டும் என்று மூன்று பேரும் தங்களுக்குள் முறுகத் தொடங்கினார்கள். அவள் திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் ஒருவருக்கு, புதன் ஒருவருக்கு என்று முறை வைத்தாள். விலை கேட்கிற வேலையை மத்தியானத்துக்கு மாற்றினாள். சோறு தின்ற மயக்கத்தில் கதிரையில் சாய்ந்திருக்கிற வியாபாரி விலையை மட்டுமா சொல்லுவார்? எந்தச் சாமான் யாருடைய கிடங்கில் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்.

ஸ்ரெல்லா அதைப் பகுதியின் விதியாகத் தட்டெழுதி மட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டாள். விடிய வாங்குவது, மத்தியானம் விசாரிப்பது. தம்பிஐயா வந்து வாசித்துவிட்டு, "இது எந்தப் புத்தகத்திலை இருக்கு?" என்று கேட்டார். "எங்கடை புத்தகத்திலை மாஸ்ரர்" என்று ஸ்ரெல்லா சொன்னாள். அவர் கழற்றச் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் உண்மையான சோதனை வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களின் இயந்திரங்கள் படுத்துவிட்டன. தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்க முன்னம் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பாயாவது தாருங்கள், காற்றிலாவது ஓடுகிறோம் என்று பதினான்கு சங்கமும் கேட்டன. பாய் தைக்கப் படங்குச் சீலை வேண்டும், லொறிகளை மூடிக் கட்டுகிற அந்தத் தடித்த சீலை. மூன்று இடத்தில் விலை கேட்டார்கள். பட்டணத்து வியாபாரி ஒருவரின் விலைதான் மிகக் குறைவு. கடதாசி எல்லாம் ஒழுங்கு. தம்பிஐயாவுக்கும் திருப்தி. "குறைஞ்ச விலையை எடுக்க வேணும் எண்டுதானே விதி. எடுங்கோ" என்றார்.

ஸ்ரெல்லாவும் செபஸ்தியம்மாவும் பார்க்கப் போனார்கள். அடுக்கி வைத்த சீலை பச்சைப் பசேலென்று கண்ணைப் பறித்தது. ஸ்ரெல்லா மேலே தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். செபஸ்தியம்மா குந்தியிருந்து, அடுக்கின் அடியில் முழங்கை வரை கையை விட்டாள். முகர்ந்தாள். பிறகு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த கடதாசி மாதிரிக் கையோடு வந்தது. எந்த வெள்ளத்தில் கிடந்த சீலையோ.

"நடுக்கடலிலை இது கிழிஞ்சால் நாலு சீவன் பிள்ளை" என்றாள்.

ஸ்ரெல்லா அறிக்கை எழுதினாள். அதில் குறைந்த விலையை நிராகரிக்கிறேன் என்று எழுதினாள். அந்தக் கந்தல் துண்டையும் குண்டூசியால் குத்தி அனுப்பினாள். தம்பிஐயா துண்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். அது இரண்டாகியது. "சரி. அப்ப பாய்க்கு எங்கை போறது? சபை கூட மூண்டு கிழமைதான் இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் செபஸ்தியம்மா கந்தப்புவிடம் படங்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டது வேறு. "அண்ணை, பாதை பூட்டினதாலை ஆரின்ரை படங்கு சும்மா கிடக்குது?"

கந்தப்பு நெற்றியைச் சொறிந்தார். "நீர்வேலியிலை வாழைக்குலை ஏத்தின ஆக்களைக் கேட்டுப் பாரும். கொழும்புக்கு லொறி ஓடின காலத்திலை குலையை மூடிக் கட்டினவை. சிவக்கொழுந்தரிட்டைக் கட்டாயம் இருக்கும்."

ஸ்ரெல்லா சைக்கிள் உழக்க, செபஸ்தியம்மா பின்னால் இருந்து, இருவரும் நீர்வேலிக்குப் போனார்கள். சிவக்கொழுந்தரின் லொறி மாமரத்துக்குக் கீழே கல்லில் ஏறி நின்றது. அவர் வந்தவர்களுக்கு முற்றத்திலேயே கதிரை போட்டார். தேத்தண்ணி தகரப் பேணியில் வந்தது. வீட்டுக்காரருக்குக் கிளாசில் வந்தது. குருநகரில் இருந்து வந்தவர்கள் என்று முதலே சொல்லியிருந்தார்கள் அல்லவா, கடற்கரைச் சாதிக்குக் கிடைக்கிற மரியாதை. ஸ்ரெல்லாவுக்கு முகம் இறுகிவிட்டது. செபஸ்தியம்மா பேணியைப் பார்க்கவில்லை. கொட்டிலுக்குள் வேப்பிலை போட்டு மடித்து அடுக்கியிருந்த ஐந்து படங்கையும்தான் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தாள்.

ஸ்ரெல்லா விலை சொன்னாள். அவர் தலையாட்டினார், மாட்டேன் என்று. கூட்டிச் சொன்னாள். அதற்கும் மாட்டேன்.

"பாதை நாளைக்குத் திறந்தாலும் திறக்கும். பிறகு குலையை நான் என்னத்தாலை மூடுறது?"

இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற பாதை. ஸ்ரெல்லா பொறுமை இழந்து இன்னொரு விலை சொல்ல வாய் எடுத்தாள். செபஸ்தியம்மா அவளுடைய முழங்காலைத் தொட்டு நிறுத்தினாள். எழும்பி லொறிக்குப் பக்கத்தில் போய், கதவில் இருந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். எத்தனை குலை பிடிக்கும், எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள், கடைசியாய் எப்போது போனீர்கள் என்று கேட்டாள். மனிதருக்கு வாய் திறந்துவிட்டது. அரை மணித்தியாலம் லொறியைப் பற்றியே கதைத்தார். எல்லாம் கேட்டு முடிந்த பிறகு அவள் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் விக்க வேண்டாம். இரவலாத் தாங்கோ. நாங்கள் ஒரு இடத்திலையும் வெட்டமாட்டம், மடிச்சுத்தான் தைப்பம். பாதை திறந்தால் அண்டைக்கே தையலைப் பிரிச்சு, உப்புப் போகக் கழுவி, இஞ்சை கொண்டந்து தாறம்."

"கிழிஞ்சால்?"

"கிழிஞ்சால் தைச்சுத்தான் தருவம். வலை தைக்கிற கையள் அண்ணை எங்கடை."

அவர் லொறியைத் திரும்பிப் பார்த்தார். "பாதை திறக்கும் எண்டு நீர் நம்புறீரோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வீட்டில்கூட ஒருவரிடமும் கேட்டிருக்கமாட்டார் போலிருந்தது.

"திறக்காமலோ? திறக்காதெண்டு நினைச்சால் வெட்டத் தாங்கோ எண்டு கேட்டிருப்பனே."

சிவக்கொழுந்தர் எழும்பிப்போய்த் தானே ஐந்து படங்கையும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு லொறி வைத்திருந்த மற்ற மூன்று பேரிடமும் நடந்தார். பொழுது படமுன்னம் பதினான்கு படங்கு சேர்ந்துவிட்டது. இரவலுக்குச் சமாசத்தில் ஒரு படிவமும் இல்லை. ஸ்ரெல்லா கொப்பி ஒற்றையில் ஒப்பந்தம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். இந்த மனுசியைக் கண்டுபிடித்தது நான், வேறு ஒருவருமில்லை, நான் என்று நீர்வேலித் தோட்டமெல்லாம் கேட்கக் கத்தவேண்டும் போல அவளுக்கு இருந்தது.

சித்திரை முடிய முன்னமே பாய்கள் ஏறிவிட்டன. ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் நன்றிக் கடிதம் வந்தது. கடதாசி என்றபடியால் தம்பிஐயா எல்லாவற்றையும் வாசித்தார். சபை கூடிய அன்று உறுப்பினர் பதினொரு பேரும் நீட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஸ்ரெல்லாவையும் செபஸ்தியம்மாவையும் கூப்பிட்டார்கள்.

"கொள்வனவுப் பகுதி அப்பிடியே இருக்கும்" என்றார் தம்பிஐயா. "செபஸ்தியம்மாவின்ரை வேலை நிரந்தரம். அதிலை ஒருத்தருக்கும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நியமனக் கடிதத்திலை சிற்றூழியர் எண்டுதான் போடலாம். சம்பளம் குறையாது. பேர் மட்டும்தான்."

ஸ்ரெல்லா எழும்பினாள். அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது.

"மாஸ்ரர், பேர்தான் வேணும். சிற்றூழியர் எண்டு போடுறதெண்டால் பகுதியை இண்டைக்கே களஞ்சியத்தோடை சேருங்கோ. நான் போய்த் தட்டெழுதுறன். இவ செய்த வேலையைச் சிற்றூழியம் எண்டு எழுதிப்போட்டு நான் அந்த மேசையிலை இருக்கமாட்டன்."

மேசையைச் சுற்றிச் சலசலப்பு. தம்பிஐயா கையை உயர்த்தி அடக்கினார். அவருக்குக் கோபம் இல்லை, மெய்யான சங்கடம்.

"பிள்ளை, நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. எட்டாம் வகுப்புக்கு உத்தியோகப் பேர் குடுத்தால், நாளைக்குக் கரையிலை உள்ள சனமெல்லாம் எனக்கும் தா எண்டு வாசலிலை வந்து நிற்கும். அவைக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

அவர் கேட்டது ஸ்ரெல்லாவை. மறுமொழி சொன்னது செபஸ்தியம்மா.

"வரட்டும் ஐயா. வாற ஆக்களை என்னட்டை அனுப்புங்கோ. நல்ல ஆக்களாப் பாத்து நான் எடுத்துத் தாறன்."

கேலி இல்லை, கெஞ்சல் இல்லை. தன் தொழிலைத் தெரிந்தவள் அதைச் சொல்லுகிற சாதாரணக் குரல். தம்பிஐயா அவளை முதல்தடவையாகக் கண்ணாடிக்கு உள்ளால், நேராகப் பார்த்தார். கடிதத்தை இழுத்து, ஒரு சொல்லை வெட்டி, அதற்கு மேலே கொள்வனவு உதவியாளர் என்று தன் கையாலேயே எழுதினார். அதிபராக இருந்தவரின் எழுத்து, முத்து முத்தாக இருந்தது. தான் அழவில்லை என்று ஸ்ரெல்லா பிறகு எல்லாரிடமும் சாதித்தாள். பொய்.

பேனையை மூடப்போன தம்பிஐயா, மூடாமல் நிமிர்ந்தார்.

"உங்கடை பகுதிக்கு எத்தினை பேர் தேவைப்படும்?"

செபஸ்தியம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"இப்போதைக்கு ரெண்டு பேர் போதும் ஐயா."